கைது நேரம் எது? காவல் நிலைய அத்துமீறலைக் காகிதத்தில் கண்டுபிடிக்கும் முறை

கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் குமாஸ்தாவாக நான் வேலை பார்த்த ஆண்டுகளில், காவல் நிலையத்தில் அடித்தார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் சட்டையைத் தூக்கிக் காயத்தைத்தான் காட்டுவார்கள். எத்தனை மணிக்கு அழைத்துப் போனார்கள் என்று கேட்டால், "விடியக்காலம் இருக்கும்ணே" என்பதற்கு மேல் பதில் வராது. காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். கைது எப்போது நடந்தது என்று காவல் நிலையம் எழுதிவைத்த நேரமோ வழக்குக் கட்டில் அப்படியே கிடக்கும். ஒருவர் உண்மையில் பிடிக்கப்பட்ட நேரத்துக்கும், பிடிக்கப்பட்டதாக எழுதப்பட்ட நேரத்துக்கும் நடுவில்தான் அத்துமீறல் பெரும்பாலும் ஒளிந்திருக்கிறது என்பது என் அனுபவம். அந்த இடைவெளியை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதை, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக்காரர்களை மனத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.

இது கடினமான வேலை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பொது நாட்குறிப்பு, கைதுக் குறிப்பு, கைப்பற்றல் மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சிகள் கையெழுத்திடும் குறிப்பு), வழக்கு நாட்குறிப்பு ஆகிய எல்லாவற்றையும் எழுதுகிறவர்கள் ஒரே கட்டடத்துக்குள் இருப்பவர்கள். வழக்கு நாட்குறிப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு கேட்டு வாங்கவும் முடியாது. "சும்மா விசாரணைக்குத்தான் கூட்டி வந்திருக்கோம்" என்ற நிலையில் உட்கார வைக்கப்பட்டிருப்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. கண்ணால் பார்த்த டீக்கடைக்காரர் நாளைக்கும் அதே முக்கில் கடை போட வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போடுபவரே எடையை எழுதுகிறார் என்பதால், விவரமான விவசாயி தராசுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு 40 கிலோ மூட்டையையும் தன் நோட்டிலும் குறித்துக்கொள்வார். காவல் நிலைய விவகாரத்திலும் செய்ய வேண்டியது அதுதான்: நிலையத்துக்கு வெளியே, வேறொருவர் கையால், நேரத்தோடு ஒரு பதிவு உண்டாக வேண்டும்.

பிடித்த அன்றே செய்ய வேண்டியவை

முன்பெல்லாம் இதற்குத் தந்தி இருந்தது. மகனைப் பிடித்துப் போய்விட்டார்கள் என்று தெரிந்தவுடன், காவல் கண்காணிப்பாளருக்கும் நடுவருக்கும் (மாஜிஸ்திரேட்) தந்தி கொடுத்துவிட்டுத்தான் வக்கீல் வீட்டுக்கே வருவார்கள். தந்தி அலுவலக முத்திரையில் இருக்கும் மணி பின்னாளில் ஜாமீன் மனுவில் பேசும். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றபோது ஊரெல்லாம் அதை ஒரு பழம்பொருள் மறைந்ததாகப் பார்த்தது. எங்களைப் போன்றவர்களுக்குக் கையில் இருந்த ஓர் ஆயுதம் போனது. இப்போது அதன் இடத்தை மின்னஞ்சல், விரைவு அஞ்சல், 112 அவசர எண் ஆகிய மூன்றும் சேர்ந்து நிரப்ப வேண்டியிருக்கிறது. 112-க்குப் பேசினால் அழைப்பு நேரம் அங்கே பதிவாகும்; உங்கள் கைபேசியிலும் அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் உணர்ச்சியை எழுத வேண்டாம். கீழ்க்கண்ட அளவுக்கு இருந்தால் போதும்:

"என் மகன் (பெயர், வயது) இன்று (தேதி) காலை 5.10 மணிக்கு எங்கள் வீட்டு வாசலிலிருந்து, சீருடை அணியாத நான்கு பேரால், (எண்) உள்ள வெள்ளை நிற வாகனத்தில் அழைத்துச் செல்லப்பட்டார். அழைத்துச் சென்றபோது அவர் உடலில் எந்தக் காயமும் இல்லை. காலை 8 மணிக்கு நிலையத்துக்குச் சென்று கேட்டபோது, அவரைக் கொண்டுவரவில்லை என்று சொன்னார்கள். இந்த மனுவை எழுதும் நேரம் காலை 9.20."

இரண்டாவது வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வீட்டிலிருந்து போகும்போது காயம் இல்லை என்பதை அன்றே எழுதிவிட்டால், பிற்பாடு தெரியும் காயத்துக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு அழைத்துப் போனவர்கள் பக்கம் போய்விடும். இதை மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், தஞ்சாவூர் சரகக் காவல் துணைத் தலைவர், அந்த நிலையத்துக்குரிய நீதித்துறை நடுவர், சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையம் ஆகிய நான்கு இடங்களுக்கும் அனுப்புங்கள். மின்னஞ்சலை முதலில் அனுப்பிவிட்டு, அதன் நகலை விரைவு அஞ்சலில் போடுங்கள்.

நிலையத்துக்கு நேரில் போகிறவர்கள் சில சட்ட நிலைகளைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) நடைமுறையில் இருக்கிறது. அதன் 36-ஆம் பிரிவின்படி, கைதுக் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்வது 47-ஆம் பிரிவு, உறவினருக்குத் தகவல் சொல்வது 48, விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை 38, 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது என்பது 58. சாட்சியாக விசாரிப்பதற்கு, பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த சிறுவர்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வீட்டுக்கு வெளியே வரவழைக்க முடியாது என்று 179-ஆம் பிரிவு சொல்கிறது. இவற்றை வாசலில் நின்று சத்தமாக ஒப்பிக்க வேண்டாம். அது காரியத்தைக் கெடுக்கும். "ஐயா, கைதுக் குறிப்பில் நான் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று பணிவாகக் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலையும் நேரத்தையும் வெளியே வந்து எழுதிக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் யார் சொன்னாலும் கையெழுத்திடக் கூடாது.

மருத்துவமனையில் சொல்லும் முதல் வாக்கியம்

அரசு மருத்துவமனையில் அடிபட்டு வருபவருக்கு விபத்துப் பதிவேட்டில் ஒரு குறிப்பு எழுதுவார்கள், பேச்சுவழக்கில் ஏ.ஆர். காப்பி என்பது இதைத்தான். எத்தனை பேர், எதனால், எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் தாக்கியதாக நோயாளி சொல்கிறார் என்பதும், மருத்துவர் பார்த்த நேரமும் அதில் ஏறும். பயத்தில் முதலில் "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று நாள் கழித்துக் காவலர்கள் அடித்தார்கள் என்று சொன்னால், அந்த முதல் வாக்கியம் வழக்கு முடியும்வரை துரத்தும். ஆகவே, விடுவிக்கப்பட்டு வீட்டுக்கு வந்தவர் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கூட்டிச் சொல்லக் கூடாது. இரண்டு பேர் அடித்ததை ஆறு பேர் என்று சொன்னவர்களின் உண்மையான காயமும் நம்பப்படாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன். காவலில் இருக்கும்போதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்பட்டால், பி.என்.எஸ்.எஸ். 53-ஆம் பிரிவின்படி அந்தப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தரப்பட வேண்டும். கேட்காமல் அது கையில் வந்து சேர்வதில்லை.

கைதானவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்ற செய்தியையும் மாவுக்கட்டுப் படத்தையும் பார்த்துச் சிரிக்க நம் மாநிலத்தில் எல்லோரும் பழகிவிட்டோம். சிரிப்பை ஒதுக்கிவிட்டுக் காயத்தின் இடத்தைப் பாருங்கள். தடுமாறி விழுகிறவருக்கு முழங்கை, முழங்கால், உள்ளங்கை, நெற்றி போன்ற எலும்பு துருத்திய இடங்களில்தான் பெரும்பாலும் அடிபடும். தொடையின் பின்பக்கம், பிட்டம், உள்ளங்கால் ஆகியவற்றில் இருக்கும் கன்றிப்போன தடங்கள் விழுந்ததால் வந்தவை என்று சொல்வது கடினம். லத்தி போன்ற உருண்டையான தடியால் அடித்தால், நடுவில் தோல் வெளுத்தும் இரு பக்கமும் கன்றியும், தண்டவாளம் போல இரண்டு இணைகோடுகள் தெரியும். இது தடயவியல் மருத்துவர்களுக்குப் பழக்கமான அடையாளம். கன்றலின் நிறம் முதலில் சிவப்பும் நீலமுமாக இருந்து, ஏறத்தாழ ஐந்தாறு நாளில் பச்சையாகி, ஒரு வாரத்துக்குமேல் மஞ்சளாகி மறையும் என்பதால், அது எத்தனை நாள் காயம் என்பதை மருத்துவர் ஓரளவு சொல்ல முடியும். கறுத்த தோலில் இது மங்கலாகத்தான் தெரியும். முதல் நாள் தெரியாதது மறுநாள் தெரிவதும் உண்டு. அதனால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ வைத்து, முகமும் காயமும் சேர்ந்து ஒரு படம், காயம் மட்டும் கிட்டத்தில் ஒரு படம் என்று மூன்று நாள் தொடர்ந்து எடுங்கள். படங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினாலும் மூலக் கோப்பு இருக்கும் கைபேசியை விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கொடுக்கும்போது அந்தக் கருவி தேவைப்படும்.

காவலடைப்புக்கு (ரிமாண்டு) நடுவர் முன் நிறுத்தப்படும்போது, பல நாள்களில் அது ஒரு நிமிட வேலையாக முடிந்துவிடுகிறது. "அடித்தார்களா" என்று கேட்கப்படும் அந்த ஒரு நிமிடத்துக்காகக் கைதானவரைத் தயார்ப்படுத்துவது வழக்கறிஞரின் வேலை. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி ஆணையத்தைக் கேட்கலாம். அந்த நிமிடமும் கைநழுவிப் போனால், சிறையில் சேர்க்கும்போது சிறை மருத்துவர் எழுதும் குறிப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. அவரிடமும் சொல்ல வேண்டும்.

கட்டைப் படிக்கும் முறை

வழக்குக் கட்டின் நகல் கைக்கு வந்ததும், காவல் துறை அடுக்கிய வரிசையில் படிக்கக் கூடாது. ஒவ்வொரு தாளிலும் உள்ள நேரத்தை மட்டும் எடுத்து, விடிகாலையிலிருந்து நள்ளிரவுவரை ஒரு தாளில் கோடு போட்டு எழுதுங்கள்.

குடமுருட்டிக் கரையோர ஊர் ஒன்றில் குறுவை அறுவடை நேரத்தில், மோட்டார் கொட்டகையில் செம்புக் கம்பி திருடியதாக டிராக்டர் ஓட்டும் இளைஞர் ஒருவரைப் பிடித்தார்கள். கைதுக் குறிப்பில், புதன்கிழமை மாலை 5.30 மணிக்குப் பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கு இடமான வகையில் நின்றபோது பிடிக்கப்பட்டார் என்று இருந்தது. இந்த வாக்கியத்தை நான் எத்தனை கட்டுகளில் படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அதே கட்டில், பத்துத் தாள் தள்ளி, கைதான பிறகு எடுத்ததாகச் சொல்லப்பட்ட மருத்துவச் சான்று இருந்தது. மருத்துவர் தன் கையெழுத்துக்குக் கீழே போட்டிருந்த நேரம் மாலை 4.50. பேருந்து நிலையத்தில் பிடிபடுவதற்கு 40 நிமிடம் முன்பே அவர் காவலர் துணையோடு மருத்துவரிடம் நின்றிருக்கிறார். கேட்டதற்கு எழுத்துப் பிழை என்றார்கள். ஆனால் அந்தப் பையனின் அம்மா செவ்வாய்க்கிழமை காலை 11.10 மணிக்கே, மகனைக் காணோம், நிலையத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கண்காணிப்பாளருக்கு விரைவு அஞ்சல் போட்டிருந்தார். 40 நிமிடம் எழுத்துப் பிழையாகலாம். ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளி எழுத்துப் பிழையாகாது. ஜாமீன் கிடைத்தது, நடுவர் தம் உத்தரவில் இரண்டு நேரங்களையும் குறிப்பிட்டார், பிறகு நடந்த துறை விசாரணை இரண்டு ஆண்டு இழுத்து, ஒருவருக்கு ஊதிய உயர்வு நிறுத்தத்தோடு முடிந்தது. அதற்குமேல் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

முதல் தகவல் அறிக்கையிலும் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: சம்பவ நேரமும், நிலையத்துக்குத் தகவல் வந்த நேரமும், பொது நாட்குறிப்பு எண்ணும் அடங்கிய மூன்றாவது பத்தி, கடைசியில் உள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பிய நேரம், நடுவர் அதைப் பெற்றுக்கொண்டு போட்ட தேதி. நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே நடந்தே போகக்கூடிய தூரம் இருக்கும்போது அறிக்கை இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தால், நடுவில் என்ன திருத்தப்பட்டது என்ற கேள்வி எழும். பட்டியல் சாதிக் குடியிருப்புத் தெருவைச் சேர்ந்த விவசாயத் தொழிலாளி கொடுத்த புகாரை ஓரமாக வைத்துவிட்டு, மறுதரப்பிடம் ஓர் எதிர்ப் புகாரை வாங்கி அதை முதலில் பதிவு செய்யும் வழக்கத்தையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். மனு ரசீது எண்ணும் குற்ற எண்ணும் வரிசையாக ஏறுபவை என்பதால், எது முதலில் வந்தது என்பது எண்ணிலேயே தெரியும். தெரியாவிட்டால் இடையில் யாரோ இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதியினர் கொடுத்த புகாரில் வேண்டுமென்றே கடமை தவறும் அரசு ஊழியர், அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருந்தால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் தண்டனைக்குரியவர்.

மகஜர் சாட்சிகளை மறக்க வேண்டாம். நம் பக்கத்தில் ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் பொருள் கைப்பற்றலுக்கும் கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய தலையாரியும் சாட்சியாக இருப்பது வாடிக்கை. பல சமயம் அவர்கள் பார்க்காமலேயே, வேலைப் பளுவில், மாலையில் வந்து கையெழுத்திட்டுப் போகிறார்கள். ஆற்றங்கரையில் காலை 6 மணிக்குச் செம்புக் கம்பியைத் தோண்டி எடுத்தபோது உடன் இருந்ததாக எழுதப்பட்ட அலுவலர், அன்று வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தியில் (வருவாய்க் கணக்குத் தணிக்கை) இருந்திருந்தால்? அந்த நாளின் வருகைப் பதிவைத் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, வருவாய்த் துறையிடம் கேளுங்கள். காவல் துறையிடம் கேட்டால் விசாரணை பாதிக்கும் என்று மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அந்தச் சாக்கு அவ்வளவு எளிதில் கிடைக்காது. பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் காணொளியாகப் பதிவு செய்து நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. அந்தக் காணொளி எங்கே என்று கேட்பது இப்போது வழக்கறிஞரின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கேமரா இருக்கிறது, பதிவு இருக்கிறதா?

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையத்தின் வாயில்கள், லாக்கப், நடைவழி, ஆய்வாளர் அறை உட்பட எல்லா இடங்களிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவு 18 மாதம், அது முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த ஆண்டு ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டதோ, பதிவு அன்றன்றே தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை. அங்கே நடந்ததை வெளியே கொண்டுவந்ததில், அன்று பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவரின் வாக்குமூலத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே நிலையக் கேமராவை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. முதலில், "இன்ன தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணிவரை உள்ள பதிவை அழியாமல் பாதுகாக்கவும்" என்று மட்டும் கேட்டு உடனே மனு கொடுங்கள். நகல் கேட்பது பிறகு. அடுத்ததாக, அந்த வழியில் உள்ள பெட்ரோல் பங்க், நகைக்கடை, அடகுக்கடைக் கேமராக்கள். இவற்றில் பழைய பதிவின் மீது புதியது ஏறிச் சில வாரங்களில் எல்லாம் போய்விடும். கேமராக் கடிகாரம் சில நிமிடம் முன்பின்னாக ஓடும். பார்க்கும்போதே உங்கள் கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

2025 ஜூனில் திருப்புவனத்தில் (சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம், நம் பட்டுநெசவுத் திருபுவனம் அல்ல) கோயில் காவலாளி ஒருவர் தனிப்படை விசாரணையில் இறந்த சம்பவத்தில், மறைவிலிருந்து ஒருவர் கைபேசியில் எடுத்த சிறு காணொளிதான் ஊரை உலுக்கியது. எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருக்கமாட்டார். இருக்கச் சொல்லி யாரையும் நெருக்கவும் கூடாது.

மணல் வண்டிக்கும் நெல் லாரிக்கும் மாமூல் கேட்கும் விவகாரம் தனி. கொள்ளிடக் கரையில் பத்து மாட்டு வண்டியைப் பிடித்து மூன்றுக்கு மட்டும் வழக்குப் போட்டால், மற்ற ஏழு வண்டி எப்படிப் போனது என்பதைப் பக்கத்துக் கரைக்காரர்கள்தான் சொல்ல முடியும். லஞ்சம் கேட்கப்பட்டவர் கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவது சிறந்தது. கட்டாயத்தால் கொடுத்துவிட்டவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் அவரைக் காப்பாற்றும். எட்டாம் நாள் அவரும் குற்றவாளிப் பட்டியலில் நிற்க நேரலாம்.

எங்கே கொடுப்பது

புகாரையே பதிவு செய்ய மறுத்தால், முதலில் கண்காணிப்பாளருக்கு எழுத வேண்டும். அதற்கும் பயன் இல்லை என்றால் பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் பி.என்.எஸ்.எஸ். 175(3)-ஆம் பிரிவில் மனு. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரியும் புகாரைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்மானமானது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ளவற்றில் மட்டும், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணைக்குப் புதிய சட்டம் இடம் தருகிறது.

ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. இதில் நம் பகுதிக்காரர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள்: தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்குப் போக வேண்டும். கும்பகோணத்துக்காரருக்கு மதுரை, பக்கத்துக் குடவாசல்காரருக்குச் சென்னை. நிலையம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.

மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும், கட்டணம் கிடையாது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்ன பிறகு அதற்கு எடை கூடியிருக்கிறது. வண்டி முன்னால் மனித உரிமை என்று பலகை மாட்டிக்கொண்டு பணம் கேட்டு வருகிறவர்கள் வேறு. அவர்களுக்கும் ஆணையத்துக்கும் தொடர்பில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாவட்டக் காவல் புகார் ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். காவல் கண்காணிப்பாளர் உறுப்பினர். அங்கேயும் ஒரு நகல் கொடுக்கலாம், அதை மட்டும் நம்பியிருக்க நான் சொல்லமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சலக ரசீது பெரும்பாலும் சூட்டில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில் தகரப் பெட்டிக்குள் வைத்தால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அந்த டிராக்டர்காரரின் அம்மா துறை விசாரணைக்குக் கொண்டுவந்த மூல ரசீது வெறும் வெள்ளைச் சீட்டாகத்தான் இருந்தது. அஞ்சல் போட்ட அன்றே எதிர்க்கடையில் அவர் எடுத்துவைத்திருந்த ஜெராக்ஸில்தான் 11.10 என்பது தெரிந்தது.